அனுப்பாதவை

குதைபியாவில் பெண்கள் மூவர் பங்கிடும் அறையில்
அழுவதற்கென்று தனி இடம் கிடையாது.
வாடகைப் பேச்சில் அதெல்லாம் வராது:
ஒரு கட்டில், பாதி அலமாரி, ஃப்ரிட்ஜில் நடுத்தட்டு,
வெள்ளிக்கிழமை காலை துணி துவைக்கும் முறை.

குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவேன்.
ஆகஸ்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் வெந்நீர்தான்.
என்ன என்று மரிட்டெஸ் கேட்டதில்லை.
வெளியே வந்தால் என் குவளையில் காப்பி இருக்கும்.
அதை அவள் கண்ணெதிரே
சிங்கில் கொட்டியிருக்கிறேன், ஒருமுறை.
இரண்டுமுறை.

அந்த நாட்களில்
சோற்றில் உப்பு போதாதது துரோகம்.
லிஃப்ட் தாமதிப்பது என்மேல் உள்ள வெறுப்பு.
அம்மா அனுப்பும் குரல்செய்தியில்
"சாப்பிட்டியா" ஒன்று போதும்,
என்னைக் கூறு போட.
ஏழாம் மாடி பால்கனியில் அதிகநேரம் நின்றால்
லிஜி பேசாமல் வருவாள்,
காயாத துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு
என்னையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவாள்.
சாவி அவள் நைட்டிப் பைக்குள் போகும்.

பிறகு உதிரம் வரும்.
அன்று மாலைக்குள் நானும் திரும்பி வருவேன்,
வெளியூர் போய் வந்தவள்
தன் வீட்டில் யாரோ பாத்திரம் உடைத்திருக்கக் கண்டாற்போல.
பெருக்குவேன். மன்னிப்புக் கேட்பேன்.
மரிட்டெஸுக்கு முட்டை பன் வாங்கி வருவேன்.

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் உள்ளதுதானேம்மா,"
கம்பெனி கிளினிக்கில் முதல் டாக்டர்.
இரும்புச்சத்து எழுதிக் கொடுத்தார்.
நான் கணக்கு எழுதுவது அலுமினியக் கதவுகளுக்கு.

இரண்டாவது டாக்டர், நெர்மீன், எகிப்துக்காரி,
ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை.
இரண்டு மாதம் தினமும் குறித்து வா என்றார்:
கோபம், தூக்கம், சாகலாம் போலிருந்ததா.
அப்போதுதான் நினைவு வந்தது.
கைப்பேசியைத் திறந்து நீட்டினேன்,
உஸ்மான் சாருக்கு எழுதி அனுப்பாமல் விட்ட
பதினோரு ராஜினாமாக் கடிதங்கள்.
விசா போனாலும் போகட்டும் என்று ஒன்று.
நீங்கள் எல்லோரும், என்று தொடங்கி நின்றுபோன ஒன்று.
கடிதங்களை அவர் படிக்கவில்லை.
ஓரத்துத் தேதிகளை மட்டும் பேனா முனையால் எண்ணி வந்தார்:
இருபத்தெட்டு, இருபத்தேழு, மறுபடி இருபத்தெட்டு.
இதற்குப் பெயர் இருக்கிறது என்றார்.
நீளமான பெயர். கோல்ட் ஸ்டோர் ரசீதின் பின்பக்கம்
எழுதி வாங்கிக்கொண்டேன்.
இருந்தாலும் தினமும் குறி, என்றார்.

குறித்தேன். பிறகு மாத்திரை, மாதத்தில் பாதி நாள் மட்டும்.
முதல் வாரம் குமட்டலும் ஓயாத கொட்டாவியும்.
இன்சூரன்ஸில் மனசு சேராதாம், சொந்தக் காசு.
மூன்றாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்,
லிஃப்ட் தாமதித்தது.
வெறும் லிஃப்ட்.

முழுக்கப் போய்விடவில்லை.
ஒரு ராத்திரி மரிட்டெஸின் ஹேர்டிரையரைச் சுவரில் எறிந்தேன்.
அதையும் குறித்தேன்.
லிஜி சாவியை இன்னும் தருவதில்லை,
நானும் கேட்பதில்லை.

நல்ல நாள் ஒன்றில், ஆறாம் நாள்,
பதினொன்றையும் உட்கார்ந்து படித்தேன்.
காது சுட்டது. பாதிக்குமேல் புழுதி.
ஆனால் எல்லாவற்றிலும் ஒரு வரி மாறவில்லை,
எண் மட்டும் ஏறியபடி:
ஓவர்டைம் பாக்கி மூன்று மாதம்,
நான்கு மாதம், ஐந்து,
கடைசிக் கடிதத்தில் பதின்மூன்று.
இது நோய் சொன்னதில்லை.
கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது.

அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து,
இன்றுவரை கணக்குப் போட்டு,
வணக்கம் வைத்து, நன்றி வைத்து,
அனுப்பிவிட்டேன்.

இன்று இருபதாம் நாள்.
பதில் இல்லை.
மாத்திரை போட்டாயிற்று.
மரிட்டெஸ் காப்பி கலக்கிவிட்டாள்.
குவளையைக் கையில் தராமல்
மேசைமேல் வைத்துவிட்டு
முதலில்
என் முகத்தைப் பார்க்கிறாள்.