எரியாத இடம்

சூசைராஜ் வரைந்து வைத்திருந்தான்,
பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில்:
பறக்கும் விமானத்தின் வயிற்றுக்குக் கீழே
இன்னொரு விமானம், கூரை இல்லாமல்,
உள்ளே சாக்குப் படங்கு விரித்து.
ஒவ்வொருவராகக் குதிக்க வேண்டுமாம்.

"காத்து?" என்றேன்.
அழித்தான். கொக்கி போட்டான், கயிறு போட்டான்.
கயிற்றின் நுனியில் எங்கள் கொழுந்துக் கூடை,
தலையில் மாட்டுகிற வாரோடு.
"யார் தலையில?" என்றேன்.
அதற்கும் உட்கார்ந்து யோசித்தான்.

மண் சரிந்தால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும்.
குளவி கொட்டினால் சாக்கைப் போர்த்தி இழுத்துக்கொண்டு ஓடுவோம்.
பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கட்டித் தூக்கி
லொறி ஏறாத நாலு கட்டை தூரம் இறக்கியிருக்கிறோம்.
வானத்தில் மாட்டிக்கொண்டவரை
எந்தப் பக்கம் பிடித்து இறக்குவது?

மாசி மாதம், ஆறரை மணி.
காசல்ரீத் தண்ணீரை முகில் மூடியாகிவிட்டது.
மேலே ஒரு சத்தம்,
போய்ப் போய்த் திரும்பி வந்தது.

ரோலர் அறையில் இருபது வருஷம் நின்றவளுக்கு
இயந்திரம் இருமினால் தெரியும்.
பாக்கியரதி கையைத் துடைத்தபடி வெளியே வந்து
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
"இது எண்ணெய் குடிக்க மாட்டேங்குது.
ரொம்ப நேரம் தாங்காது."

காலில் மிதவை கட்டிய விமானம்.
கொழும்பிலிருந்து சுற்றுலாக்காரரைக் கொண்டுவருவது.
அதற்குத் தரை வேண்டாம், தண்ணீர் போதும்.
தண்ணீர்தான் எதுவென்று தெரியவில்லை,
மலையும் பள்ளமும் லயமும் கோயிலும்
எல்லாம் ஒரே வெள்ளை.

சூசைராஜ் டோர்ச்சை ஆட்டினான். முகில் தின்றது.
தோணியில் போய் நடுத்தண்ணீரில் விளக்குப் பிடிக்கிறேன் என்றான்.
"பிடி. ஒன் தலையிலதான் வந்து எறங்கும்."
பிறகு சொன்னாள், சத்தம் போடாமல்:
"தண்ணியக் கொளுத்த ஏலாது.
தண்ணி இல்லாததக் கொளுத்துவம்."

கரையோரம் நாலாம் நம்பர் மலை
போன மாதம்தான் கவ்வாத்து வெட்டியது.
காய்ந்த மிலாறு, குவியல் குவியலாக,
லயத்து அடுப்புகளுக்கென்று கட்டி வைத்தது.
ஸ்டோர் டீசல் இரண்டு கலன்.
யாரிடமும் கேட்கவில்லை, கேட்க நேரமில்லை.
பெண்கள் வரிசை பிடித்தார்கள், கொழுந்தெடுக்கிற அதே வரிசை,
குவியலுக்குக் குவியல் நெருப்பைக் கைமாற்றினார்கள்.

எதிர்க்கரையில் சிங்களக் கிராமம்.
முகிலுக்குள் சிவப்பைப் பார்த்தவர்கள்
பழைய டயர்களை உருட்டி வந்து பற்றவைத்தார்கள்.
போன் எதுவும் போகவில்லை.
எப்படிப் புரிந்ததென்று இன்னும் நான் கேட்கவில்லை.

இருமல் நின்றது.

நான் எண்ணவில்லை. யாரோ எண்ணினார்கள்,
பதினொன்று வரைக்கும்.

பிறகு தண்ணீரில் ஓர் அறை,
நனைந்த கம்பளியைக் கல்லில் அடிப்பது போல.
இன்னொன்று. அப்புறம் ஒரு நீளமான இழுப்பு.
தோணிகள் போயின.

ஏழு பேர்.
ஒரு சிறுமிக்கு ஒற்றைச் சப்பாத்து.
ஒரு வெள்ளைக்காரர் இருக்கை வாரைக் கரையிலும் விடவில்லை,
விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.
விமானம் ஓட்டியவள் திலினி. பாக்கியரதி கொடுத்த
சாயத்தண்ணியைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.
உடைந்த தமிழில் சொன்னாள்:
"சுத்திச் சிவப்பு. நடுவுல கறுப்பு.
நான் கறுப்ப நம்பினேன்."

அம்புலன்ஸ் போனபோது விடிந்துவிட்டது.
பெரட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனோம்,
கண்ணிமை வரைக்கும் கரி.
கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை.
தொரை கேப்பாரு என்றார். பேனாவைத் திறந்தார்.
பிந்தினால் அரைப்பேர்.
ஏழு பேரை எடுத்தவர்களுக்கு
ஆளுக்கு அரைப்பேர்.
அந்த வாரம் முழுக்க விறகும் இல்லை.

மாதம் முடிந்து எறிந்த தாளைச்
சூசைராஜ் பொறுக்கி வந்திருந்தான்.
கூடை இல்லை, கொக்கி இல்லை.
கரித்துண்டால் ஒரு வளையம், கோணலாக.
நடுவில் ஒன்றும் போடவில்லை.
"இது என்ன?"
"தண்ணி."

தாளைத் திருப்பினேன்.
எங்கள் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக.
அந்தத் தேதிக்கு நேரே
அரை, அரை, அரை.