நீர்க்கறை

எழும்பூர் ஆவணக் காப்பகம், மூன்றாம் அடுக்கு.
கத்திரி பிறந்து ஐந்தாம் நாள்.
விசிறி போட்டால் தாள் பறக்கும்,
அதனால் விசிறி இல்லை.

மேசையில் டாக்டர் ஹாலரனின் குறிப்பேடு.
தென்கோடிக்குப் போன கப்பலின் வைத்தியர்.
உறைகடலில் சிக்கி இரண்டு குளிர்காலம் பிழைத்தவர்
பிறகு சென்னைத் துறைமுகத்தில் உத்தியோகம் ஏற்று
பதினோராம் மாதம் காலராவில் போனார்.
ஏலத்தில் யாரும் கேட்காத டிரங்குப் பெட்டி
இங்கே வந்து சேர்ந்தது.

நான்கு மணிக்கு ஒருமுறை எண்கள்.
காற்று எந்தப் பக்கம், பாரமானி எவ்வளவு, குளிர் எவ்வளவு.
நாயைத் தின்ற அன்றும் எழுதியிருக்கிறார்.
தச்சன் செத்த அன்று
எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
ஒரு வரி அதிகம், அவ்வளவுதான்.

ஓரத்தில் பொடி எழுத்தில்:
'மை உறைந்துவிட்டது. புட்டியை அக்குளில் வைத்து
இளக்கி எழுதுகிறேன்.
ஒரு முக்குக்கு மூன்று எண் தேறும்.'

பின்னட்டைக்குள் மடித்த வரைபடம்.
கொஞ்ச தூரம் கரைக்கோடு, அப்புறம் வெறும் தாள்.
யாரும் போகாத இடத்தை அப்படித்தான் விடுவார்களாம்.
ராமபாணம் போயிருக்கிறது.
ஓரத்தில் நுழைந்து, வளைந்து வளைந்து,
துருவம் இருக்கவேண்டிய இடத்தில் சற்றுத் தங்கி
அட்டை வழியாக வெளியேறியிருக்கிறது.
கொடி நடவில்லை.

தஸ்தகீர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கிறார்.
'அந்த ஓட்டைய அடைக்கணுமா மேடம்?'
பார்க்கலாம் என்றேன்.

ஜூலை ஒன்பது. மைனஸ் 40.
ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும்
ஒன்றையொன்று சந்திக்கும் ஒரே இடம்,
பள்ளியில் படித்தது.
கிட்டத்தில் பார்க்கக் குனிந்தேன்.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு.

ஒற்றுத்தாள் எடுப்பதற்குள்
பூஜ்யம் ஊதாவாக விரிந்துவிட்டது.
ஓர் உடம்பின் சூட்டில் இளகிய மை
நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து
இன்னோர் உடம்பின் சூட்டில்
மறுபடி இளகுகிறது.

தஸ்தகீர் பார்த்தார்.
பசையைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.
ஸ்டேஷன் பக்கம் ஏதோ ரயில் ஊதியது.

சேதப் பதிவேட்டைத் திறக்கிறேன்.
பக்கம் 112. நீர்க்கறை. எப்போது நேர்ந்தது?
'பழையது' என்றெழுதக் கை போகிறது.
யாரும் கேட்கப்போவதில்லை.
ஆனால் தச்சனைப் பனியில் இறக்கிவிட்டு வந்து
பன்னிரண்டு மணிக் காற்றைக் குறித்தவர்
திறந்து கிடக்கிறார் எதிரே.

மே எட்டு. பகல் பன்னிரண்டு.
வெப்பம் 41.
காற்று இல்லை.
கறை என்னுடையது.