பிள்ளையாருக்குப் பின்னால்

மாங்குளம் சந்தியிலிருந்து
ஒட்டுசுட்டான் றோட்டில் எழுநூறு மீற்றர்.
தகரக் கொட்டில். பெயர்ப்பலகை இன்னும் எழுதவில்லை.
பத்மலோஜினி ஹயஸை உள்ளே விட்டபோது
பின்சீற்றில் யாரோ மறந்த சோற்றுப்பெட்டி.
நாலரைக்கு மல்லாவியில் தொடங்கி
கிளிநொச்சித் தையல் தொழிற்சாலைக்கு
பதினாலு பெண்களை ஏற்றுகிற வான்.
பிறேக் பார்க்கத்தான் வந்தாள்.

மீற்றர்க் கண்ணாடியின் மூலையில்
முறிகண்டிப் பிள்ளையார் ஒட்டியிருந்தார்,
யாரும் சாமி ஒட்டாத இடம்.
நகத்தால் நெம்பினேன்.
அவருக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு
எத்தனை மாதமாகவோ எரிந்துகொண்டிருந்தது.

"வித்தவன் ஒட்டியிருக்கிறான்" என்றேன்.
"நான் ஒவ்வொரு நாளும் தொட்டுக் கும்பிட்டனான்" என்றாள்.

ரைமிங் பெல்ட்.
கீழே சுழல்வதையும்
மேலே திறந்து மூடுவதையும்
ஒரே கணக்கில் பிடித்து வைத்திருக்கிற
பல்லு வைத்த ரப்பர்.

"சத்தமொண்டும் இல்லையே."

காற்றாடி பெல்ட் கத்தும்.
மழை பட்டால் கத்தும், தளர்ந்தால் கத்தும்.
இது கத்தாது.
அறுகிற அன்றைக்கு ஒருமுறைதான் பேசும்,
அதுவும் பிஸ்ரன் வால்வை இடிக்கிற குரலில்,
பனிக்கன்குளத்துக் காட்டு றோட்டில்,
விடியப்புறம் ஐந்துமணிக்கு,
பதினாலு பேர் இறங்கி யானையைப் பார்த்துக்கொண்டு நிற்க.

லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்று
என்கிறது யப்பான்காரன் புத்தகம்.
இந்த மீற்றர் காட்டுவது ஒரு லட்சத்துப் பன்னீராயிரம்.
கேபிள் எப்ப கழன்றது, எப்ப பூட்டினார்கள்
யாரைக் கேட்பது?
அவள் விரல் மடித்தாள்.
போக வரத் தொண்ணூறு. மாதம் இருபத்தைந்து நாள்.
கொரோனா மாதங்களைக் கழி.
வற்றாப்பளைப் பொங்கலைக் கூட்டு,
மடுவுக்கு ரெண்டு தரம், கலியாணங்கள், ஒரு செத்தவீடு.
தொண்ணூறாயிரம் தாண்டியதும்
விரலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

மூடியைக் கழற்றினால் உட்பக்கம்
வெள்ளைப் பெயின்ரில் யாரோ எழுதிய தேதி:
17.2.2014. கீழே 63,800.
இனி எந்தக் கணக்கும் தேவையில்லை.
ரப்பருக்கு ஓடினதும் வயது, நின்றதும் வயது.
பல்லுகளின் அடியில் வெடிப்பு.
ஓயில் சீல் கசிந்து ஒரு பக்கம் ஊறிப்போய்,
மூன்று பல்லில் நூல் வெளியே.

பெல்ட் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
கூடவே ஐட்லர் பெயரிங், சீல்.
"அதுகள் நல்லாத்தானே கிடக்கு?"
அதுகளுக்கும் இதே வயது என்றேன்.
பேசாமல் பேர்ஸைத் திறந்தாள்.

பற்றரி வயரைக் கழற்றி,
அடையாளத்துக்கு அடையாளம் நிறுத்தி,
பழையதை உருவி,
புதியதை மடிக்காமல், முறுக்காமல்,
எண்ணெய்க் கை படாமல்
அம்புக்குறி பார்த்து ஏற்றினேன்.
ரோர்ச் பிடித்து நின்றவள் சொன்னாள்,
"மேல இருக்கிறது ஒரு பல்லுத் தள்ளி நிக்குது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
குனிந்து பார்த்தேன்.
நின்றது.

வான் வாங்க முதல்
ஆறு வருடம் மெஷினில் இருந்தவளாம்.
ஊசி இறங்கி ஏறுகிற நேரம்
ஹூக் வந்து நிற்காவிட்டால் நூல் பிடிக்காது,
அதையே பார்த்துப் பழகின கண்.
தேநீர் சொல்லிவிட்டுத் திரும்பக் கழற்றினேன்.

இம்முறை ஸ்பனரை அவள் கையில் கொடுத்தேன்.
ஸ்ராட்டில் கை வைக்க முதல்
கையால் இரண்டு முழுச் சுற்று.
எங்காவது இடித்தால் கைக்குத் தெரியும்,
நிறுத்தலாம்.
ஸ்ராட்டருக்கு நிறுத்தத் தெரியாது.
முதல் சுற்று இறுக்கமாய்.
இரண்டாவதில் மூச்சு விட்டாள்.
மேலும் கீழும்
அடையாளங்கள் நேருக்கு நேர் வந்து நின்றன.

மீற்றருக்குப் பின்னால் திருகாணியை
அடுத்த துளைக்கு மாற்ற விளக்கு அணைந்தது.
மூடியில் தேதியை அவளே எழுதினாள்,
கிலோமீற்றருக்குப் பக்கத்தில் 'நம்பாதே' என்று சேர்த்து.
பிள்ளையாரைக் கண்ணாடிக்கு மேலே,
எதையும் மறைக்காத இடத்தில் ஒட்டினாள்.

மிச்சம் ஆறாயிரம் சம்பளம் எடுத்தபிறகு.
பிறேக் நாளைக்கு.
பழைய பெல்ட்டைச் சுருட்டி
சொப்பிங் பையில் போட்டாள்.
"எதுக்கு?"
"வவுனியாவில வித்தவனுக்கு
ஒருக்காக் காட்டவேணும்."