மீட்டர்

சதாசிவநகரில் முதல் கார். பொன்னப்பாவுடையது.
போர்வையை உருவினார்;
சிவப்பில் என் மூக்கு தெரிந்தது.
ஐம்பத்தைந்து வருஷத்தில் ஒன்பதாயிரம் மைல்.
"ஒரு தூறல்கூட மேலே பட்டதில்லை."
சாவியைத் திருகினேன். இருமியது,
மறுபடி இருமியது.
உட்கார்ந்த இடத்திலேயே செத்திருந்தன ரப்பர்கள்.
டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருந்தது.
விலை மட்டும் மூன்று மடங்கு,
ஓடாமல் இருந்ததற்கு.

காக்ஸ் டவுனில் அடுத்தது. அதே வருஷம், அதே எம்.ஜி.
இடது கதவு வேறொரு சிவப்பு.
மீட்டர் ஒரு சுற்று முடித்து
பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது.
பிரசவ டாக்டர் ஃபிலோமினா
நடுராத்திரி அழைப்புக்கெல்லாம் இதில்தான் போனாராம்.
"ஒன்று அந்த சீட்டிலேயே பிறந்துவிட்டது,
ஹெப்பால் சிக்னலில். பையன்.
இப்போது என்னைவிட மோசமாக ஓட்டுகிறான்."
எதற்கும் இருக்கட்டுமென்று
சீட்டைத் தடவிப் பார்த்தேன். தையல் புதுசு.
"செகண்ட் கியர் சுலபமாக விழாது.
கெஞ்சாதே, திட்டு."

பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பானஸ்வாடி தாண்டுவதற்குள் மழை.
கூரை ஒழுகி இடது முழங்கால் நனைந்தது.
தமிழில் திட்டினேன்.
விழுந்தது.

வாசலில் குடையோடு முரளீதரன்:
"எவ்வளவு ஓடியிருக்கு?"

சரியாகத் தெரியாது.
இன்றைக்குப் பதினொன்று.