நாற்பத்தைந்து சுற்று

சீனக்குடா இரும்புக் கடையில்
நிறுத்துத்தான் தந்தார்கள்:
அரைக் கிலோ, பதினொரு தட்டு.
பழைய ஃபேன் மோட்டர் தேடிப் போனவன் நான்.

கோதுமைக் கப்பலில் வந்த மாலுமி ஒருவன்
சாராயக் கடனுக்கு விட்டுப்போனவையாம்.
யார் சொன்னது என்று கேட்டால்
நிசாமுதீன் தராசைக் காட்டுகிறார்.

உறையில் ஓர் இளைஞன். கழுத்துப்பட்டி.
கோட்டுக்கு அடங்காத சிரிப்பு.
பெயர் இருந்த மூலையைக் கறையான் படித்து முடித்திருந்தது.
மிஞ்சியது: லுவாண்டா, 1974.

தட்டின் நடுவே மூன்று விரல் போகும் ஓட்டை.
ரப்பர் செருப்பில் வட்டம் வெட்டி அடைத்தேன்.
பெல்ட்டுக்குச் சைக்கிள் டியூப்.
ஊசி எழும்பி ஓடாமலிருக்க
அதன் தலையில் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி.

முதலில் மழை.
பிறகு யாரோ மூங்கிலைச் சுரண்டுகிறார்கள்,
விருந்தாளி வந்த வீட்டில் தேங்காய் துருவுகிற அவசரம்.
அதன்மேல் ஒரு கிற்றார்
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்து
சட்டென்று மணலுக்குள் போனது.

செம்பா என்று அச்சடித்திருந்தது.
"செம்பா? தண்ணி அள்ளுறதா?" என்றாள் வசந்தமலர்.
ஆனால் மேசைக்குக் கீழே
அவளுடைய கால் பெருவிரல் ஏற்கெனவே சம்மதித்திருந்தது.

மதிலுக்கு அப்பால் வெல்டிங் நின்றது.
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கியபடி
மெர்வின் பார்தலோ வந்தார்.
வீட்டில் பறங்கிப் பேச்சுப் பேசுகிற கடைசிச் சிலரில் ஒருவர்.
"இது எங்கட பாஷை," என்றார்.
கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்லை. எங்கட மாதிரி."
பாதி விளங்கியது. மீதி
வேறு துறைமுகத்தில் இறங்கிவிட்டது.

மூன்றாவது தட்டில் கீறல்.
ஊசி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது.
ஜனேலா. ஜனேலா. ஜனேலா.
நாங்கள் மூவரும் ஜன்னலைப் பார்த்தோம்.

பிறகு மெதுவாக மற்றவற்றையும்:
கதிரை, மேசை, அலமாரி, அதன் சாவி,
கொடியில் துவாய், குசினியில் பாண்.
இந்த அறை முழுக்க
அவனுக்குப் பெயர் தெரிந்த சாமான்கள்.
கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள்
எடுத்துப்போக மறந்தவை.
அவனுடைய ஊரில் எதை இடித்து
எதை மறந்தார்களோ.

"எழுபத்தி நாலுக்குப் பிறகு பாடினவனோ?"
மெர்வின் கேட்டார்.
தெரியாது. அங்கேயும் சண்டை நீளம் என்று மட்டும்
எங்கோ படித்தது.
அதற்குமேல் கேட்காமலிருக்க
எங்கள் மூவருக்கும் பழக்கமிருந்தது.

விரலால் தள்ளினேன். ஊசி தாண்டியது.
ஜன்னலைத் திறந்தானா மூடினானா,
அந்த வரி போய்விட்டது.

பின்னேரம் கரண்ட் நின்றது.
குரல் தடித்து, கிழடாகி,
தொலைவில் மாடொன்று கூப்பிடுவதாக இறங்கி
ஓய்ந்தது.

வசந்தமலர் சுட்டுவிரலைத் தட்டில் வைத்துச்
சுற்றத் தொடங்கினாள்.
ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது, ஆனால்
ஊசியிலேயே குரல் இருந்தது,
கொசு அளவு.
மூன்று தலைகளும் குனிந்தன.
"கொஞ்சம் கெதியா," என்றார் மெர்வின்,
"அவன் இப்படி நடக்கமாட்டான்."