இவனுங்க வந்தப்புறம்

கிலோ பன்னிரண்டு என்று
சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனான் ஃபேக்டரிப் பையன்.
போன வாரம் பதினேழு.
கொளப்பள்ளி முக்கில் இருபது பேர் நின்றோம்,
ஆளுக்கொரு டீ, கடனில்.

விலைக்கு ஒரு காலர் இருந்திருந்தால் பிடித்திருப்போம்.
ஏலம் எங்கே நடக்கிறதென்றுகூட
எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.
குன்னூர் என்கிறார்கள், கம்ப்யூட்டர் என்கிறார்கள்.
கம்ப்யூட்டரை யார் போய் அடிப்பது?

அந்நேரம் பார்த்து சோம்ரா வந்தான்,
ஜார்க்கண்டிலிருந்து வந்து ஆறு மாதம்,
லைன் வீட்டின் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுப்பவன்,
மகளுக்கு பிஸ்கட் வாங்க.

முதலில் யார் சொன்னதென்று ஞாபகமில்லை.
இவனுங்க வந்தப்புறம்தான் கூலி ஏறவே இல்ல.
இவனுங்க வந்தப்புறம்தான் மொய்து கடை சிலிண்டர் காணாமப் போச்சு.
இவனுங்க வந்தப்புறம்தான்
ஒத்தைக்கொம்பன் ரோடு வரைக்கும் இறங்குது.
யானையுமா என்று யாரும் சிரிக்கவில்லை.

சொல்லச் சொல்ல உடம்பில் சூடு ஏறியது.
அந்தப் பனியில் அது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?
வேலித் தகராறில் நாலு வருஷமாய் முகம் பார்க்காத
செவனுவும் பாஸ்கரனும்
ஒரே வாக்கியத்தை ஆளுக்குப் பாதியாய்ச் சொன்னார்கள்.

"பையைத் திறந்து காட்டச் சொல்லு."
அது என் குரல்.

பண்டாரவளை ஸ்டேஷன். எனக்கு ஆறு வயசு.
சிங்களத்தில் கேட்டார்கள் இதையே.
அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார்,
பூட்டில்லாத பெட்டி, இருந்தும் கை நடுங்கியது.
அங்கே கள்ளத்தோணி.
கப்பலேறி வந்து இங்கே இறங்கினால் சிலோன்காரன்.
எங்கள் கோழி திருட்டுப் போனபோதுகூட
எங்களைத்தான் விசாரித்தார்கள்.

சோம்ரா திறந்தான்,
பழகின கையின் வேகத்தில்.
ஒரு ஸ்வெட்டர், கொழுந்து வெட்டும் கத்தரி,
காகிதத்தில் மடித்த வெல்லம்.
ஆதார் அட்டையை எடுத்து நீட்டினான்.
அதை யாருமே கேட்கவில்லை.

பிறகு டீக்காரர் பாய்லரை மூடினார், கலைந்தோம்.
அடி விழவில்லை.
இறக்கத்தில் நடக்கையில் சொல்லிக்கொண்டே வந்தேன்,
அடி விழவில்லை, அடி ஒன்றும் விழவில்லை.
மனைவி கேட்டாள், யாருக்கு?
தண்ணி கொண்டா என்றேன்.

மறுநாள் போர்டில் பதினொன்று.
முக்கில் நின்றவர்கள்
லைன் பக்கம் மெல்லத் திரும்பினார்கள்.
நானும்.