சோம்பேறி

மூன்றாவது தடவையும் நிமோனியா மாத்திரை முடிந்தது.
எக்ஸ்ரேயில் அந்த வெண்மை அசையவில்லை:
வலது நுரையீரலின் நடுமடலில்,
பெம்பினா சாலையோரம் ஏப்ரல் வரை கிடக்கும்
அழுக்குப் பனிமேடு போல.

காய்ச்சல் இல்லை. எடை குறையவில்லை.
பேருந்தை ஒருநாளும் பிந்தி எடுத்ததில்லை.
இருமல் மட்டும், அதுவும்
பயணிகள் திரும்பிப் பார்க்காத அளவு.

தொண்டைக்குள் குழாய் இறக்கிக் கிள்ளினார்கள். போதாதாம்.
விலா இடுக்கால் இன்னொரு தடவை.
என் சதைத்துண்டு டொரன்டோ போய்
பதினெட்டு நாள் தங்கி
பெயரோடு திரும்பி வந்தது.

டாக்டர் கோவல்ச்சுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.
நிணநீர்ப் புற்று. நுரையீரலிலேயே தொடங்கியது. அபூர்வம்.
மெதுவாக வளரும், கிட்டத்தட்ட சோம்பேறி என்றார்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்
தம்பி அமிழ்தனுக்கு மட்டுமே சொந்தம்.

முதல் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது.
எலியிலிருந்து ஒரு பங்கு, மனிதரிலிருந்து மீதி என்று
வேகத்தைக் கூட்டியபடி சொன்னாள் நர்ஸ் மரிதெஸ்.
நாற்பதாம் நிமிடம் பற்கள் கிடுகிடுத்தன.
நிறுத்தினாள். கம்பளி. பிறகு பாதி வேகம்.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்:
வழுக்கும் பனிக்கட்டியில் பிரேக்கை மிதிக்கக் கூடாது,
காலை எடுக்க வேண்டும்.

கிழமைக்கு ஒன்றாய் நான்கு. மூன்று மாதம் கழித்து ஸ்கேன்.
பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது.
மீதி?
"பார்த்துக்கொண்டிருப்போம்."

இன்று அதிகாலை, மைனஸ் முப்பத்தொன்று.
முன்கண்ணாடியின் உட்புறம் என் மூச்சு
உறைந்து ஒட்டிக்கிடந்தது.
உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்தேன்,
தெரு தெரியும் அளவுக்கு.
வண்டியை எடுத்தேன்.